நிலவறைக்காரன் சொன்னது சரிதான்

போன வாரம் ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தது, லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை மறுபடியும் பார்த்தேன். 1968-ல் வந்த கருப்பு வெள்ளைப் படம். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை எப்போதோ விட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன், இந்தத் தடவையும் அப்படியே. ஹாரி கூப்பர் சொன்னதுதானே சரி?

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (ஐம்பது வருஷத்துக்கு மேலான படம், முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.) அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீடு. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பென் என்பவன் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்து மேலேயே இருந்து சமாளிக்கலாம் என்கிறான். ஹாரி, மனைவியோடும் அடிபட்ட மகளோடும் நிலவறையில் ஒளிந்திருந்தவன், எல்லோரும் கீழே போய்க் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்வோம் என்கிறான். மேலே ஏகப்பட்ட ஜன்னல், ஏகப்பட்ட கதவு, கீழே இருப்பது ஒரே கதவு. இவ்வளவுதான் சண்டை. படத்தின் பின்பாதியில் பெரும்பாலும் இந்தச் சண்டைதான் நடக்கிறது. வெளியே இருப்பவர்கள் பாட்டுக்குத் தள்ளாடித் தள்ளாடி நடந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு அவசரமும் இல்லை.

ஹாரியை நமக்குப் பிடிக்காது. பிடிக்கக்கூடாது என்றுதான் படமும் அவனை அப்படி வைத்திருக்கிறது. மேலே பெண் குரல் அலறுவது காதில் விழுந்தும் கீழேயே இருந்தவன். பெட்ரோல் போடப் போன இடத்தில் வண்டி வெடித்து இரண்டு பேர் செத்து, பென் தனியாக ஓடி வந்து கதவைத் தட்டும்போது திறக்காமல் நின்றவன். அவனை பென் அடிக்கும்போது நமக்குக் கை துறுதுறுக்கிறது, இன்னும் ரெண்டு போடு என்று. ஆனால் கடைசியில் என்ன ஆகிறது? பலகை எல்லாம் பிய்ந்து பிணங்கள் உள்ளே வந்துவிடுகின்றன. எல்லோரும் சாகிறார்கள். பென் மட்டும் பிழைக்கிறான். எங்கே போய்? நிலவறையில். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு. ராத்திரி முழுக்க எதை முட்டாள்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தானோ அதையே செய்து.

இதை முதலில் கவனித்தபோது இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. கெட்டவன் வாயில் சரியான யோசனையை வைத்து, நல்லவன் வாயில் தப்பான யோசனையை வைப்பது என்ன நியாயம்? அப்புறம் யோசித்தால், நிஜத்தில் எத்தனை வீட்டில், எத்தனை ஆபீஸ் மீட்டிங்கில் இதே கதை நடக்கிறது. யோசனை சரியா தப்பா என்று எவரும் பார்ப்பதில்லை, சொன்னது யார் என்றுதான் பார்க்கிறோம். 'அவன் சொல்லி நான் கேட்பதா' என்று ஒரு வார்த்தை போதும், பங்காளிகள் மூன்று தலைமுறைக்குப் பேசிக்கொள்ளாமல் இருப்பார்கள். பென் வாயிலிருந்தே அது கிட்டத்தட்ட வந்துவிடுகிறது: மேலே இருக்கும் ரேடியோவும் சாப்பாடும் என்னுடையவை, நீ கீழே போனால் கீழேயே கிட என்கிற தொனியில் பேசுகிறான். உலகம் அழிந்துகொண்டிருக்கும்போது ஒரு வீட்டை மாடி, நிலவறை என்று பாகம் பிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஜாம்பி கதைகளில் குழப்பம் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது எரியும் கார், காலித் தெரு, கண்ணாடி உடைந்த கடை. அதெல்லாம் சும்மா பின்னணித் திரைச்சீலை என்றுதான் எனக்குப் படுகிறது. நிஜமான குழப்பம் எப்போதும் ஒரு கதவுக்கு உள்பக்கம்தான் நடக்கிறது. தாழ்ப்பாளில் யார் கை இருக்கிறது, தட்டுகிறவன் யார், திறப்பதா வேண்டாமா. நல்ல ஜாம்பி படத்தையும் மட்டமான ஜாம்பி படத்தையும் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல் இதுதான். கதவுக் காட்சி எப்படி இருக்கிறது? அது சரியில்லை என்றால் எத்தனை லிட்டர் ரத்தம் கொட்டினாலும் எனக்கு அந்தப் படம் வேண்டாம். (1968 படத்தில் கொட்டியது சாக்லேட் சிரப். கருப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது.)

இந்தப் படத்தில் 'ஜாம்பி' என்ற சொல்லே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல் வந்தது ஹைட்டியிலிருந்து. அங்கே அதன் அர்த்தமும் வேறு.

ஹைட்டி ஒரு காலத்தில் செயின்ட் டொமிங் என்ற பிரெஞ்சுக் காலனி. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். செத்தால் ஆவி கடல் தாண்டி முன்னோர் மண்ணுக்குப் போய்விடும் என்பது அந்த மக்களின் நம்பிக்கை, அது ஒன்றுதான் விடுதலை. அந்த விடுதலையும் கிடைக்காமல், செத்த பிறகும் எவனோ ஒருவன் எழுப்பித் தோட்டத்தில் வேலை வாங்கினால்? அதுதான் ஜாம்பி. அது யாரையும் கடிக்காது, தின்னாது, வேலை மட்டும் செய்யும். அங்கே மக்கள் பயந்தது ஜாம்பியைப் பார்த்து இல்லை, தானே ஜாம்பி ஆகிவிடுவோமோ என்றுதான். ஒரு சிட்டிகை உப்பு நாக்கில் பட்டால் அதற்கு நினைவு திரும்பிவிடும், தன் ஊரையும் தன் சவக்குழியையும் தேடிப் போய்விடும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. 'உப்புப் போட்டுச் சாப்பிடுகிறாயா' என்று ரோஷம் இல்லாதவனைப் பார்த்துக் கேட்கும் பாஷையில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம்மிடமும் 'நடைப்பிணம்' என்ற சொல் இருக்கிறதே. ஜாம்பிக்கு நேர்த் தமிழ் என்று யாராவது தேடினால் அகராதியில் தயாராக இருக்கிறது. நாம் அதைப் பயன்படுத்துவதும் கிட்டத்தட்ட ஹைட்டிக்காரர்களின் அர்த்தத்தில்தான். கடிக்கிற பிணத்தைச் சொல்வதில்லை, உயிர் இருந்தும் உயிர்ப்பு இல்லாமல் நடமாடுகிறவனைச் சொல்கிறோம்.

1791-ல் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், 1804-ல் தனி நாடு ஆனார்கள். 1915-லிருந்து 1934 வரை அமெரிக்க ராணுவம் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தது. ஜாம்பி அமெரிக்காவுக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான், முதலில் பயணக்கதையாக, அப்புறம் 1932-ல் 'ஒயிட் ஜாம்பி' என்ற படமாக. அதில் சர்க்கரை ஆலைக் காட்சி ஒன்று இருக்கிறது. பிணங்கள் வரிசையாகக் கூடையில் கரும்பு கொண்டுவந்து கொட்டுகின்றன, ஒன்று தடுமாறி எந்திரத்துக்குள்ளேயே விழுந்துவிடுகிறது, மற்றவை திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. படம் மொத்தமாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் சமூகம் இல்லாமல் போவது என்றால் என்ன என்பதற்கு அந்த ஒரு காட்சியை மிஞ்ச ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருப்பவன் விழுந்தால் திரும்பிப் பார்க்காத கூட்டம். எந்திரம் நிற்கவே இல்லை, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, குழப்பம் என்று சொல்ல அங்கே ஒன்றுமே கிடையாது.

இது ஏன் எனக்கு முக்கியம் என்றால், குழப்பத்துக்கு எதிர்ப்பதம் ஒழுங்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரொமேரோ படத்தின் முடிவு அந்த நினைப்பைத்தான் உடைக்கிறது.

பொழுது விடிகிறது. ஷெரிஃப், அதாவது அந்த வட்டாரப் போலீஸ் அதிகாரி, தலைமையில் துப்பாக்கியோடு ஒரு கூட்டம் வயல்வெளியில் வரிசையாக வருகிறது. கூடவே நாய்கள். டிவி நிருபர் பேட்டி எடுக்கிறார், ஷெரிஃப் காபி குடித்துக்கொண்டே பதில் சொல்கிறார். எல்லாம் கட்டுக்குள் வந்துவிட்டது. சத்தம் கேட்டு பென் நிலவறையிலிருந்து மேலே ஏறி ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கிறான். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அங்கே ஒரு உருவம் தெரிகிறது, அவ்வளவுதான். ஷெரிஃப் கை காட்டுகிறார், ஒரே குண்டு. நெருப்பில் போட இன்னொன்று ஆயிற்று என்று சொல்லிவிட்டு உடலை எடுக்க வருகிறார்கள். அதன் பிறகு வருவது செய்தித்தாள் போட்டோ மாதிரி அசையாத படங்கள். கொக்கி மாட்டி பென்னின் உடலை இழுக்கிறார்கள், விறகுக் குவியல் மேல் போடுகிறார்கள், படம் முடிகிறது.

பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கருப்பினத்தவர். அந்தப் பாத்திரம் அவருக்காகவோ, கருப்பினத்தவருக்காகவோ எழுதப்பட்டது இல்லை, தேர்வுக்கு வந்தவர்களில் அவர்தான் நன்றாக நடித்தார் என்று ரொமேரோ பிறகு பல இடங்களில் சொல்லியிருக்கிறார். முடித்த படத்தின் பிரதியை காரில் போட்டுக்கொண்டு நியூயார்க்குக்கு விற்கப் போன வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தி ரேடியோவில் வந்ததாம். 1968 ஏப்ரல் 4. படம் திரைக்கு வந்தது அந்த அக்டோபரில். நாய், துப்பாக்கி, வெள்ளைக்காரக் கூட்டம், கொக்கி, நெருப்பு எல்லாம் வரிசையாகத் திரையில் வரும்போது அன்றைக்கு அமெரிக்கத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு கருப்பினத்தவர்களை வெள்ளைக்காரக் கும்பல்கள் அடித்துக் கொன்ற கதைகள் நினைவுக்கு வந்திருக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

எனக்கு இதில் உறைப்பது வேறொன்று. பென் ஏன் கத்தவில்லை? "சுடாதீங்க, நான் உயிரோட இருக்கேன்" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால்? ராத்திரி முழுக்க ஹாரியோடு கத்திக் கத்தித் தொண்டை போனவன், விடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலில் வந்து நிற்கிறான். திரைக்கதை ஓட்டை என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

சரி, இங்கிருந்து நாற்பத்தெட்டு வருஷம் தாண்டி வருகிறேன்.

2016-ல் வந்த கொரியப் படம் 'ட்ரெயின் டு பூசான்'. இதை நம்மில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். சியோலிலிருந்து பூசானுக்குப் போகும் அதிவேக ரயில், அதற்குள் தொற்று. அங்கே வீடு, மாடி எல்லாம் கிடையாது. வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கண்ணாடிக் கதவு. அதாவது படம் முழுக்கக் கதவு. பங்குச்சந்தைப் பணத்தைக் கையாளும் ஒரு அப்பா, அவரோடு சரியாகப் பேசக்கூடச் செய்யாத சின்னப் பெண். பாட்டிக்குத் தன் சீட்டைக் கொடுத்த மகளை, இந்த மாதிரி நேரத்தில் உன்னை மட்டும் பார்த்துக்கொள் என்று கண்டிக்கிறார் அப்பா. கொஞ்ச நேரத்துக்கு முன்னால், கர்ப்பிணி மனைவியை இழுத்துக்கொண்டு ஓடி வரும் ஒருவனைக் கண்ணால் பார்த்தும் அவர்தான் கதவை மூடியிருக்கிறார். ஹாரி கூப்பரையே கதாநாயகனாக்கினால் எப்படி இருக்கும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்த மாதிரி.

பதினைந்தாவது பெட்டிக் காட்சியை நான் பல பேரிடம் பல தடவை சொல்லி அறுத்திருக்கிறேன், இங்கேயும் விடமாட்டேன். பின்பக்கப் பெட்டிகளில் மாட்டிக்கொண்டவர்களை மீட்டு அந்த அப்பாவும் இன்னும் சிலரும் அடித்துப் பிடித்து முன்னே வருகிறார்கள். முன்பெட்டியில் நன்றாக உடுத்திய பயணிகள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்குத் தொற்று இருக்கும், உள்ளே விடக்கூடாது என்று போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் பெரிய அதிகாரி கிளப்பிவிடுகிறார். அவர் ஒருவர் சொன்னதும் மொத்தப் பெட்டியும் சேர்ந்து கதவைக் கட்டிவிடுகிறது. கதவு திறக்காமல் போன அந்த நிமிஷத்தில்தான் முக்கியமான இரண்டு பேர் சாகிறார்கள். கண்ணாடியை உடைத்து உள்ளே வந்த பிறகும், இங்கே இருக்கக்கூடாது, அந்தப் பக்கம் போ என்று பெட்டி இணைப்பில் இருக்கும் சின்ன இடத்துக்குத் துரத்திவிட்டு, அந்தக் கதவையும் துணியால் கட்டுகிறார்கள். கட்டுகிறவர்கள் வில்லன்கள் இல்லை. கைகள் நடுங்குகின்றன, முகத்தில் பயம். அன்புக்கு அடைக்கும் தாழ் இல்லை என்று ஸ்கூலில் எழுதி மார்க் வாங்கிய நாமும் அந்தப் பெட்டியில் இருந்திருந்தால் துணியின் ஒரு முனையைப் பிடித்திருப்போம்.

அப்புறம் ஒரு கிழவி. அவருடைய அக்கா வெளியே மாட்டிச் செத்து, ஜாம்பியாகிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். தங்கை இந்தப் பக்கம் இருந்து அவரையே பார்க்கிறார், தன் பெட்டிக்காரர்களையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார், எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறார். கிட்டத்தட்ட மொத்தப் பெட்டியும் காலி. பழிவாங்கினாரா, துக்கம் தாங்காமல் செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். உயிரோடு இருக்கும் அந்தக் கூட்டத்தைவிடச் செத்த அக்கா அவருக்கு நெருக்கமாகத் தெரிந்திருக்கலாம். கவனித்தீர்களா, உள்ளே பத்திரமாக இருந்தவர்கள் போய்விட்டார்கள், துரத்தப்பட்டவர்களில் சிலர் பிழைத்துவிட்டார்கள். மறுபடியும் தப்பான இடமே சரியான இடம் ஆகிவிடுகிறது, நிலவறை மாதிரியே.

கொரியர்கள் இதை எந்த மனநிலையில் பார்த்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள இன்னொன்றும் வேண்டும். இரண்டு வருஷம் முன்னால், 2014 ஏப்ரல் 16-ல், சேவோல் என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்தது. 304 பேர் போனார்கள், அதில் 250 பேர் ஒரே பள்ளியிலிருந்து சுற்றுலா கிளம்பிய மாணவர்கள். கப்பல் சாய்ந்துகொண்டிருக்கும்போது, இருக்கும் இடத்தை விட்டு அசையாதீர்கள் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னதைக் கேட்ட பிள்ளைகள் உள்ளேயே இருந்தார்கள். முதலில் வெளியேறியவர்களில் கேப்டனும் ஒருவர். படத்தில் டிவியில் அரசாங்கம், எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது, வெறும் கலவரம்தான் என்று சொல்லும்போது கொரியப் பார்வையாளன் காதில் எந்தக் குரல் கேட்டிருக்கும்? ரொமேரோ படத்திலும் ரேடியோ முதலில் வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்கிறது, கொஞ்ச நேரத்தில் டிவி மீட்பு முகாமுக்குக் கிளம்புங்கள் என்கிறது. அதை நம்பிக் கிளம்பப் பார்த்துத்தான் அந்த வண்டி வெடிக்கிறது.

ஜாம்பி கதைகள் நம்மை ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பேரிடர் வந்தால் ஜனங்கள் காட்டுமிராண்டிகளாகிவிடுவார்கள் என்பது இந்த வகைக் கதைகளின் அஸ்திவாரம். பேரிடர் ஆய்வில் பெயர்பெற்ற சமூகவியலாளர் குவாரன்டெல்லி பல பத்து வருஷம் இதைத்தான் ஆராய்ந்தார். தலைதெறிக்க ஓடி ஒருவரை ஒருவர் மிதித்துக்கொள்ளும் பீதி நிஜத்தில் மிக அபூர்வம், பெரும்பாலும் அக்கம்பக்கத்தார்தான் முதலில் வந்து உதவுகிறார்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த விடை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இருந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். படகோடு வந்த மீனவர்களைக் கேட்டால் இன்னும் நன்றாகவே சொல்வார்கள். பயந்து தப்பு செய்வது பல நேரம் கையில் அதிகாரம் இருக்கிறவர்கள்தான். 2005-ல் கத்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது பாலத்தின் மேல் நடந்தே தப்பிக்க வந்த மக்களை, பெரும்பாலும் கருப்பினத்தவர்கள், அந்தக் கரையில் இருந்த கிரெட்னா ஊர்ப் போலீஸ் துப்பாக்கியோடு மறித்துத் தலைக்கு மேல் சுட்டுத் திருப்பி அனுப்பியது. பதினைந்தாவது பெட்டியேதான், என்ன, கண்ணாடிக் கதவுக்குப் பதிலாக ஒரு பாலம்.

'தி வாக்கிங் டெட்' என்ற அமெரிக்க ஜாம்பி தொடரை நான் பாதியில் விட்டதற்கும் இதுதான் காரணம். 2010-லிருந்து 2022 வரை 177 எபிசோட். நல்ல நடிப்பு, நல்ல ஒப்பனை, ஆனால் ஊருக்கு ஊர் வேலி, வேலிக்கு வேலி ஒரு தலைவன், ஒவ்வொரு தலைவனும் முந்தையவனைவிடக் கொடூரம். அடைக்கலம் தருகிறோம் வாருங்கள் என்று போர்டு வைத்திருக்கும் இடத்துக்குப் போனால் அவர்கள் மனிதக்கறி தின்கிறவர்கள். கதவைத் திறப்பவன் முட்டாள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அது கதையாகத் தெரிவதில்லை, துப்பாக்கிக் கடை விளம்பரமாகத்தான் தெரிகிறது. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் என்று தெரியும், பரவாயில்லை.

ரொமேரோவே 1978-ல் எடுத்த 'டான் ஆஃப் தி டெட்' இதை ஒரே வரியில் முடித்துவிடும். ஒரு ஷாப்பிங் மாலைப் பிடித்து, கதவுக்குக் குறுக்கே லாரிகளை நிறுத்தி, நான்கு பேர் சொகுசாக இருக்கிறார்கள். பைக் கும்பல் ஒன்று கொள்ளையடிக்க உள்ளே வருகிறது. ஒளிந்துகொண்டு பேசாமல் இருந்தால் அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் நால்வரில் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை, இது நம்முடையது, நாம் பிடித்தது என்று சுட ஆரம்பிக்கிறான். பணமே செல்லாக்காசாகிவிட்ட உலகத்தில் வாட்சுக் கடைக்கும் துணிக்கடைக்கும் பட்டா கேட்கிறான்.

நான் 'ட்ரெயின் டு பூசான்' படத்தை இரண்டாவது முறை பார்த்தது 2020 ஏப்ரலில், ஊரடங்கில். ஊர் அடங்கும் நேரம் என்றால் முன்பெல்லாம் ராத்திரி ஒன்பது, பத்து மணியைச் சொல்வார்கள், அது பகலுக்கும் வரும் என்று அந்த வருஷம்தான் தெரிந்தது. சென்னையில் அப்போது நான் இருந்த அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் ஒரு நர்ஸ் வாடகைக்கு இருந்தார். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் மதியம் ஆரம்பித்தது: அவங்க லிஃப்ட் யூஸ் பண்ண வேண்டாம்னு சொல்லலாமே. சாயங்காலத்துக்குள் அது வளர்ந்து, கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி ஹாஸ்டல்லயே தங்கிக்கிட்டா எல்லாருக்கும் நல்லதுதானே என்று ஆனது. ராத்திரிக்குள் ஒரு தீர்மானம் மாதிரி: ஒன்பது மணிக்கு மேல் கேட் பூட்டப்படும், யாருக்காகவும் திறக்கப்படாது. எழுதியவர் ரிட்டயர்டு வாத்தியார், தங்கமான மனுஷர், என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது ஓடி வந்தவர். அந்த மெசேஜுக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். பதினோராவது விரல் என்னுடையது.

அந்த மாதம்தான் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் இதே சென்னையில் ஒரு கூட்டம் கல்லும் கட்டையுமாக வந்து ஆம்புலன்ஸை அடித்து உடைத்தது. உடலை எடுத்துக்கொண்டு தப்பி ஓடி, அப்புறம் நள்ளிரவில், கூட வேலை பார்த்த டாக்டர் ஒருவரே மருத்துவமனை ஊழியர்கள் துணையோடு மண்ணைத் தள்ளிப் புதைத்தார். செத்தவர் எழுந்து வந்து நம்மைக் கடித்துவிடுவார் என்று நம்பியதைப் போலத்தான் அந்தக் கூட்டம் நடந்துகொண்டது. அதைப் படித்துவிட்டுக் குழுவில் எல்லோரும் கண்டனம் போட்டோம். கேட் விஷயத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

'ட்ரெயின் டு பூசான்' முடிவை இப்போது சொல்ல வேண்டும், பென்னின் ஜன்னலை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எல்லோரும் போய், அந்தச் சின்னப் பெண்ணும் கர்ப்பிணியும் மட்டும் மிச்சம். இருட்டான சுரங்கப்பாதைக்குள் தண்டவாளத்தில் நடந்து வருகிறார்கள். அந்த முனையில் ராணுவம். பூசான், 1950 போரிலும் விழாமல் கடைசியாக நின்ற மூலை. துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்கும் வீரனுக்கு இரண்டு உருவங்கள் தெரிகின்றன, உயிரோடு இருப்பவர்களா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. சுட்டுவிடு என்று ரேடியோவில் உத்தரவு வருகிறது. 1968-ன் அதே காட்சி, அதே தூரம், அதே குறி. அப்போது அந்தப் பெண் பாட ஆரம்பிக்கிறாள். பள்ளி விழாவில் அப்பாவுக்காகப் பாட நினைத்து, அப்பா வரவில்லை என்று தெரிந்து பாதியில் நிறுத்திய அதே பாட்டு. அழுதுகொண்டே பாடுகிறாள். சுரங்கம் அந்தக் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வீரன் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான், உயிரோடு இருக்கிறார்கள் என்று கத்துகிறான்.

யாரையும் எச்சரிக்கவோ நிரூபிக்கவோ அவள் பாடவில்லை, அங்கே துப்பாக்கி இருப்பதே அவளுக்குத் தெரியாது. செத்துப்போன அப்பாவுக்குப் பாடினாள். கேட்டது வேறு யாரோ.

பென் ஏன் கத்தவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதற்குப் பக்கத்தில் எங்கோதான் இருக்கிறது. ராத்திரி முழுக்க அந்த வீட்டில் யாருக்கும் யார் குரலும் காதில் விழவில்லை. விடியும்போது அவனிடம் குரல் என்று ஒன்று மிச்சமில்லை. கத்தியிருந்தாலும் அந்த வயல்வெளியில் காது கொடுக்கும் ஆள் இருந்தானா என்பது வேறு கேள்வி. 1968 அமெரிக்காவில், அந்தத் தோலுக்கு, இருந்திருக்க மாட்டான் என்றுதான் படம் சொல்கிறது.

நர்ஸ் விஷயம் என்ன ஆனது என்றால், ஒன்றும் ஆகவில்லை. அவர் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. லிஃப்டை மட்டும் விட்டுவிட்டுப் படியேறினார். ஷிஃப்ட் முடிந்து வர ராத்திரி ஒன்றரை, இரண்டு ஆகும். தூக்கம் வராத ராத்திரிகளில் பால்கனியில் நின்று நான் பார்த்திருக்கிறேன். வண்டி கேட் பக்கம் வருவதற்கு முன்னாலேயே கேட் திறந்திருக்கும். ஹாரன் கிடையாது, கூப்பிடுவது கிடையாது. அவர் உள்ளே வந்ததும் வாட்ச்மேன் அண்ணன் சத்தம் வராமல் திரும்பப் பூட்டுவார். அசோசியேஷன் சொன்னதை மீறினால் அவருக்கு வேலை போகும், அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அதைக் குழுவில் சொல்லவில்லை, அந்த ஒன்றையாவது செய்யாமல் இருந்தேன்.

ரொம்ப நாள் கழித்து, எல்லாம் ஓய்ந்த பிறகு, எப்படிண்ணே கரெக்டா அந்த நேரத்துக்கு எழுந்திருப்பீங்க என்று அவரிடம் கேட்டேன்.

"எங்க சார் எழுந்திருக்கறது, தூங்கினாத்தானே. சிஸ்டர் வண்டியில சைலன்சர் ஓட்டை. தெருமுனையிலயே கேட்ரும்."